இருபத்துநான்கு நாள் பிழை

நிழல்குடியில் அந்த வருஷம் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்கள். ரசத்தில் உப்பு கூடிப்போனதற்காகச் சோற்றுக்கூடத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பனிவெட்டும் மருதையன், தலை சாய்த்ததும் குறட்டை விடுகிற மனிதர், இப்போது வேலை முடிந்து வந்து சுரங்கப் பாதையை ஏழு சுற்று நடந்துவிட்டுத்தான் படுத்தார். படுத்தும் தூங்கினாரா என்றால் அதுவும் இல்லை. மருத்துவர் எல்லோருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து அலுத்துப்போய், கடைசியில் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

நிழல்குடி என்பது நிலவின் தென்துருவத்தில் பாறைக்குள் குடைந்த நாலு பெரிய குகைகள். நானூற்றுச் சொச்சம் பேர். வெளியே சூரியன் தொடுவானத்தை ஒட்டியே மாதம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே ஏறவும் ஏறாது, ஒரேயடியாக இறங்கியும் போகாது. பக்கத்திலேயே வெயில் எட்டிக்கூடப் பாராத பெரிய பள்ளம் ஒன்று. அதன் அடியில் கிடக்கிற பனியை வெட்டித் தண்ணீராக்கி அனுப்புவதுதான் ஊரின் பிழைப்பு. குகைக்குள் விளக்கு ஏறினால் பகல், இறங்கினால் இரவு. சுவர்க் கடிகாரங்கள்கூட விளக்கறையிலிருந்து வரும் கம்பியில்தான் ஓடின. பூமியிலிருந்து ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்த கைக்கடிகாரங்கள் நிலவுத் தூசியில் ஆறு மாதம் தாங்கினால் பெரிய விஷயம்.

அந்த விளக்கறைக்குத் தலைவி தமயந்தி. ஐம்பத்திரண்டு வயது. கறார் என்றால் அப்படியொரு கறார். பன்னிரண்டு மணி பகல், பன்னிரண்டு மணி இரவு, அதில் ஒரு விநாடிகூடப் பிசகக்கூடாது என்பது ஊரின் முதல் சட்டம். அதை எழுதவைத்தவளே அவள்தான். அதற்குக் காரணம் இருந்தது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், குத்தகைக்காரன் ஒருவன் கூடுதலாகப் பனி வெட்டவைக்க, யாருக்கும் சொல்லாமல் பகலை ஒரு மணி நேரம் இழுத்துவிட்டான். கடிகாரமும் கூடவே இழுபட்டதால் ஒருவருக்கும் தெரியவில்லை. உடம்புக்கு மட்டும் தெரிந்தது. தமயந்தியின் கணவர் சபாபதி அசதியில் இடுப்புக் கயிற்றை மாட்ட மறந்து பள்ளத்துக்குள் விழுந்தார். உடலை எடுக்க நாலு நாள் ஆயிற்று. அதன்பிறகு அவள் ஊர் மன்றத்து மேஜையில் அறைந்து கேட்டது ஒன்றுதான்: "இனிமே ஒருத்தர் நேரத்தை இன்னொருத்தர் தொடக் கூடாது. தொட்டா, அவன் கொலைகாரன்."

தமயந்தி முதலில் கப்பல்துறையில் நேரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். அங்கே மட்டும் பூமியோடு நேரடியாகப் பேசுகிற தனிக் கடிகாரம் ஒன்று உண்டு. விளக்கறைப் பொறுப்பு கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, கப்பல்துறைக் கடிகாரத்தையும் விளக்கறைக் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு வருஷம் ஒப்பிட்டதுதான். பார்த்தால், ஐயோ! சில மாதம் பகல் முப்பத்தேழு நிமிஷம் வரை நீண்டிருந்தது. சில மாதம் அதே அளவு சுருங்கியிருந்தது. கடிகாரமும் அதற்கேற்றாற்போல நொண்டியடித்து, பகல் மணிக்கு ஒரு வேகம் இரவு மணிக்கு ஒரு வேகம் என்று ஓடியிருக்கிறது. பதினோரு வருஷமாக விளக்கைக் கவனித்தவன் உதவியாளன் குழந்தைவேலு. விசாரணையில் அவனைக் கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. தமயந்தி பக்கம் பக்கமாக அறிக்கை எழுதினாள். கடிகாரத்தைக் கவனிக்காமல் விட்டான் என்று மட்டும் ஊருக்குச் சொல்லி, அவனைக் காற்று வடிகட்டி கழுவுகிற வேலைக்குத் தள்ளினார்கள். போன சித்திரை முதல் தேதியிலிருந்து நிழல்குடியின் விளக்குகள் ஒரு விநாடி பிசகாமல் எரிந்தன.

ஊருக்கு இருப்புக் கொள்ளாமல் போனதும் அதற்கப்புறம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, தமயந்திக்கும்தான். இத்தனைக்கும் அவளுக்கே உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

தை நாலாம் தேதி ஊர்த்தலைவர் நூர்தீன் விளக்கறை வாசலில் வந்து நின்றார்.

"தமயந்திம்மா, வயல ஒருதரம் பாத்துட்டு வந்துருங்க. பத்தாந்தேதி மன்றம் கூடுது. நெல்லு கதிர் விடலேன்னா வயலைக் கலைச்சுட்டு அந்தக் குகையைப் பனிக் கிடங்கா ஆக்கிடணும்னு எல்லாரும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"வயல்காரங்க என்ன ஆவாங்க பாய்?"

"பதினாலு குடும்பம். பள்ளத்துக்குத்தான் போகணும். வேற வேலை ஏது?"

பள்ளம் என்ற சொல்லைக் கேட்டதும் தமயந்தி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள். எழுந்து செருப்பை மாட்டினாள்.

நாலாவது குகைதான் வயல். உள்ளே நுழைந்தால் பச்சைப்பசேல் என்று கண் நிறைந்தது. தூர் கட்டி, இடுப்புயரம் வளர்ந்து, தோகை தோகையாக நின்றது பயிர். பார்க்கிறவன் ஆகா என்பான். விவசாயம் தெரிந்தவன் அழுவான். நூற்று எழுபது நாளாகியும் ஒரு கதிர் கிடையாது, கதிர் வருகிற அறிகுறியும் கிடையாது. வயலுக்குப் பொறுப்பானவள் செல்லக்கிளி, குழந்தைவேலுவின் அக்காள், மன்னார்குடிப் பக்கத்துக்காரி. வரப்பில் குந்தி ஒரு நெல் தாளைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. தம்பியை அனுப்பியாச்சு, இப்ப அக்காளையும் அனுப்பணும், அதுக்குத்தானே வந்தீங்க?" என்றாள் திரும்பிப் பாராமலே.

"சண்டை போட வரல கிளி. ஏன் கதிர் விடலேன்னு கேக்க வந்தேன்."

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இப்படி மண்டையைப் பிச்சுக்கிறேன்? இது களர்ச் சம்பா. பனி உருகின இந்த உப்புத் தண்ணியில வேற எந்த நெல்லும் நிக்காது, அதான் இதைக் கொண்டாந்தோம். ஆனா இது பிடிவாதக்காரப் பயிரு. ஊர்ல ஆடியில விதைச்சாலும் ஆவணியில விதைச்சாலும் அதும்பாட்டுக்கு நிக்கும். ஐப்பசி தாண்டிப் பகல் குறுகணும். குறுகினாத்தான் சூல் பிடிக்கும்."

"பகல் குறுகணுமா?"

"பின்னே? ஆமா, நீங்க படிச்சவங்க, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பகல் ஏன் கூடுது, ஏன் குறையுது? கோடையில சூரியன் கிட்ட வந்துருது, அதானே?"

"அதான் இல்ல. பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்கறது மார்கழியிலதான்" என்று சொல்லிவிட்டு, தமயந்தி குனிந்து ஒரு பிடி சேற்றை எடுத்து உருட்டினாள். அதன் நடுவே ஒரு நெல் தாளைக் குத்தினாள். வயலின் நடுவில் நின்ற விளக்குக் கம்பத்துக்கு ஒரு பக்கமாக உருண்டையைப் பிடித்து, தாளைக் கொஞ்சம் சாய்த்தாள். "இதான் பூமி. நேரா நிக்கல, சாஞ்சு நிக்குது. சாஞ்ச சாய்வு மாறாம அப்படியே சூரியனைச் சுத்தி வருது. இந்தப் பக்கம் இருக்கறப்ப, பாரு, மேல்பாதி விளக்குப் பக்கம் சாஞ்சிருக்கு. நம்ம ஊரு மேல்பாதியிலதான் இருக்கு. வெளிச்சத்துல அதிக நேரம் நிக்கும், வெயிலும் தலைக்கு மேல நேரா விழும். பகல் நீளம்." வரப்போடு நடந்து கம்பத்துக்கு மறுபக்கம் போனாள். "இங்க வந்தா மேல்பாதி விளக்கை விட்டு விலகிச் சாஞ்சிருக்கு. பகல் குறுகல். மன்னார்குடியில வருஷம் பூரா பாத்தாலும் வித்தியாசம் ஒண்ணே கால் மணிதான் இருக்கும்."

"அந்த ஒண்ணே கால் மணி போதும் என் பயிருக்கு. நிலாவும் இப்படிச் சாஞ்சுதான் நிக்குதா?"

"சும்மா பேருக்கு. ஒன்றரை டிகிரி. இங்க பருவமே கிடையாது. விளக்கும் எப்பவும் பன்னெண்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சேற்று உருண்டை கையிலேயே இருந்தது. "கிளி, அப்புறம் இங்க எப்படிப் பதினோரு வருஷம் விளைஞ்சுது?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்! நான் வந்த புதுசுல ரெண்டு போகம் இப்படித்தான் பச்சையாவே நின்னு அழுகிச்சு. அப்ப இந்த வருஷம் மாதிரியே வயலைக் கலைக்கணும்னாங்க. மூணாவது போகம் தானா கதிர் விட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் தவறல. கொஞ்சம் பிந்தி விளையும், அவ்வளவுதான்."

"நிலாவுல எல்லாம் மெதுவாத்தான் விளையும்னு சொல்லுவாங்களே."

"சொல்லுவாங்க. மெதுவா விளையற பயிரு ஒரு வருஷம் பத்து நாள் பிந்தும், ஒரு வருஷம் முப்பது நாள் பிந்தும். இது அப்படியா? ஊர்ல பொங்கல் தை ஒண்ணு. நமக்குப் பொங்கல் தை இருபத்தஞ்சு. பதினோரு வருஷமும் அதே இருபத்தஞ்சுலதான் புது அரிசி பானையில ஏறிச்சு. இருபத்துநாலு நாள். ஒரு நாள் கூடினதில்ல, ஒரு நாள் குறைஞ்சதில்ல."

இருபத்துநாலு. தமயந்தியின் கையிலிருந்த பூமி வரப்பில் விழுந்து சப்பென்று நசுங்கியது. அந்த எண்ணை அவள் எங்கேயோ எழுதியிருக்கிறாள். எங்கேயோ என்ன, எங்கே என்று நன்றாகவே தெரியும். செல்லக்கிளி பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட விடுவிடுவென்று நடந்தாள்.

விளக்கறையில் பழைய அறிக்கையை இழுத்துப் போட்டாள். ஒன்பதாம் பக்கம். அவளுடைய நேர்த்தியான வாக்கியங்கள்: 'உதவியாளர் பூமியின் பருவங்களைப் பின்பற்றியிருக்கக்கூடுமோ என்று சோதிக்கப்பட்டது. மிகக் குறுகிய பகல் மார்கழி ஏழாம் தேதி வரவேண்டும். இங்கே அந்நாளில் வரவில்லை. இருபத்துநான்கு நாள் விலகல். எனவே இது காரணமற்ற பிழை.'

சோதித்திருக்கிறாள். சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு, விடை இருபத்துநாலு நாள் தள்ளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, போ என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். வேலு வைத்த பகல் நீளங்களை ஒரு கோடாகத் திரையில் போட்டு இருபத்துநாலு நாள் நகர்த்திப் பார்த்தாள். பூமியின் கோட்டின்மேல் அச்சாகப் போய்ப் படிந்தது. கடவுளே, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னாள். அந்த அறையில் அதைக் கேட்க ஆள் இல்லை.

காற்று வடிகட்டிப் பிரிவு கடைசிச் சுரங்கத்தில் இருந்தது. குழந்தைவேலு முழங்கை வரை தூசியோடு ஒரு சல்லடையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயதுக்குள் தலை பாதி நரைத்திருந்தது. அவளைக் கண்டதும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றான்.

"வேலு, சூரியன் வடக்கே திரும்பற நாள் எது?"

அவன் விழித்தான். "என்ன மேடம் திடீர்னு?"

"சொல்லு."

"தை ஒண்ணு."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. உத்தராயணம். காலண்டர்ல போட்டிருக்கும்." சொல்லிக்கொண்டே சுவரைக் காட்டினான். பூமியிலிருந்து வரும்போது ஆளுக்கு அரைக் கிலோதான் சொந்தச் சாமான் என்பது விதி. வேலு கொண்டுவந்ததில் ஒன்று தினசரிக் காலண்டரின் ஒற்றைத் தாள். அவன் கிளம்பிய நாளின் தாள். தை 1, உத்தராயண புண்ணியகாலம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்திருந்தது.

தமயந்தி சிரித்தாளா அழுதாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"மார்கழி ஏழு, வேலு. நிஜமாத் திரும்பறது மார்கழி ஏழு. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தி தை ஒண்ணுலதான் திரும்பிச்சு. பூமி சாஞ்சு சுத்துதே, அந்தச் சாய்வே பம்பரம் தலையாட்டற மாதிரி மெதுவா ஆடுது. ஒரு ஆட்டத்துக்கு இருபத்தாறாயிரம் வருஷம். அதனால திரும்பற நாள் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகந்து போச்சு. நம்ம காலண்டர் மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது."

"அப்ப... நான் வெச்சது?"

"எல்லாம் சரி. ஆனா எல்லாமே இருபத்துநாலு நாள் தள்ளி. அதனாலதான் என்னால கண்டுபிடிக்க முடியல. நம்ம ஊர்க்காரனைத் தவிர வேற ஒருத்தன் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டான். நானும் நம்ம ஊர்க்காரிதான், எனக்கு ஏன் அப்ப தோணல? ஏன்டா வாயைத் திறக்கல நீ?"

அவளறியாமல் 'டா' வந்துவிட்டது. வேலு சல்லடையைக் கீழே வைத்தான்.

"அக்கா வயலுக்காகத்தான் பண்ணேன். அவளுக்குத் தெரியாது. சொன்னா அவளும் கூட்டுன்னு சொல்லி ரெண்டு பேரையும் சேத்துப் பள்ளத்துல இறக்கியிருப்பீங்க. நீங்கதானே மேடம் விசாரணைக்குத் தலைவி? விளக்கைத் தொட்டவன் கொலைகாரன்னு சொன்னதும் நீங்கதானே?"

அவனே தொடர்ந்தான். "நான் யாரையும் ஏமாத்தல. ஆடியில நாளைக்கு முப்பத்தேழு நிமிஷம் கூட எடுத்தேன், தையில முப்பத்தேழு நிமிஷம் திருப்பிக் கொடுத்தேன். வருஷத்துக்குக் கூட்டிக் கழிச்சுப் பாருங்க, யாருக்கும் ஒரு நிமிஷம் நட்டமில்ல."

"சித்திரையில வேலைக்கு வந்து ஐப்பசியில கப்பல் ஏறிப் போனவனுக்கு?"

வேலு தலையைக் குனிந்துகொண்டான். அப்படிப் போனவர்கள் இருந்தார்கள். அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சரி, நான் பண்ணது தப்பாவே இருக்கட்டும்" என்றான். "இப்ப பயிரைக் காப்பாத்துங்க. வயலுக்கும் ஊருக்கும் ஒரே கம்பி, தனியாக் குறைக்க முடியாது. மொத்தமாக் குறைச்சுடுங்க. யாருக்குத் தெரியும்? இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியலியே."

தமயந்தியின் வலதுகால் ஆட ஆரம்பித்தது. விளக்கறைக் கைப்பிடி அவள் வசம்தான் இருந்தது. போய் ஒரு திருகு திருகினால் பதினாலு குடும்பம் பிழைக்கும், அவள் எழுதிய அறிக்கையும் அப்படியே பத்திரமாக இருக்கும், ஒருவரும் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இதைவிடச் சுலபமான காரியம் உண்டா? ஆனால் சபாபதி செத்த வருஷமும் யாரோ ஒருவன் இதே கைப்பிடியின் முன்னால் நின்று, யாருக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருப்பான்.

"முடியாது வேலு. ஊரைக் கூட்டிச் சொல்லப் போறேன். நீ பண்ணது, நான் பண்ணது, எல்லாத்தையும்."

"உங்களையும் சேத்துத் துரத்துவாங்க மேடம்!"

"துரத்தட்டும்" என்றாள்.

மறுநாளே சோற்றுக்கூடத்தில் ஊர் கூடியது. தமயந்தி எதையும் மறைக்கவில்லை. அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தை அவளே வாசித்தாள். தான் சோதித்ததையும், கோட்டை விட்டதையும், வாய் திறக்காத ஒருவனைத் தண்டித்ததையும் சொன்னாள். வேலு பக்கத்தில் நின்றான். செல்லக்கிளி தம்பியைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, கண்ணீரும் இருந்தது.

அவ்வளவுதான், கூடம் கொந்தளித்தது.

"பதினோரு ஆடி மாசம் எங்க நேரத்தைத் திருடியிருக்கான்!" என்று பனிவெட்டுகிறவர்கள் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்.

"பதினோரு தை மாசம் சீக்கிரம் வீட்டுக்கு வந்து தூங்கினியே, அதைச் சொல்லு!" என்று அவன் பெண்டாட்டியே திருப்பிக் கொடுத்தாள்.

தட்டு பறந்தது. நூர்தீன் கரண்டியால் பானையைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். கடைசியில் மருதையன் எழுந்தார். தூக்கமில்லாத கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. சபாபதியோடு ஒரே கயிற்றில் வேலை செய்தவர். அவரது உடலை மேலே கொண்டுவந்தவரும் அவர்தான். அதனால் கூடம் கொஞ்சம் அடங்கியது.

"தமயந்தி, ஒண்ணு கேக்கறேன். ஒன்பது மாசமா நான் தூங்கல. இதுக்கும் விளக்குக்கும் சம்பந்தம் உண்டா?"

"எனக்குத் தெரியல அண்ணே. நெல்லுக்கு உண்டு. மனுசனுக்கு உண்டான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா எனக்கும் ஒன்பது மாசமா இருப்புக் கொள்ளல."

மருதையன் கூடத்தின் பக்கம் திரும்பினார். "குத்தகைக்காரன் பண்ணதும் இவன் பண்ணதும் ஒண்ணு இல்ல. ஆனா சொல்லாமப் பண்ணது ரெண்டும் ஒண்ணுதான். நான் சொல்றதைக் கேளுங்க. பகல் கூடட்டும், குறையட்டும். ஆனா பள்ளத்து வேலை கப்பல்துறைக் கடிகாரப்படி நடக்கணும், விளக்குப்படி இல்ல. தினமும் சாயங்காலம் இங்க நின்னு நாளைக்குப் பகல் எவ்வளவுன்னு சத்தமாச் சொல்லணும். விளக்குக் கைப்பிடியை ஒத்த ஆள் தொடக் கூடாது. பள்ளத்துக்காரன் ஒருத்தன் கூட நிக்கணும். முக்கியமா, யார் இஷ்டத்துக்கும் திருப்பக் கூடாது. ஒரு கணக்கு. வருஷா வருஷம் அதே கணக்கு."

கைகள் உயர்ந்தன. நிறையக் கைகள். நூர்தீன் எண்ணக்கூட இல்லை.

"கணக்கு என்கிட்ட இருக்கு" என்றாள் தமயந்தி. ராத்திரியெல்லாம் விழித்து எழுதி வைத்திருந்தாள். சுத்தமான கணக்கு, பூமியின் உண்மையான கணக்கு. மார்கழி ஏழில் திரும்புவது, வேலுவின் பிழை நீக்கியது. தாளை விரித்தாள். "நாளைக்கு தை ஆறு. பகல் ஏற்கெனவே வளர ஆரம்பிச்சிருக்கும். நாளையப் பகல் பதினோரு மணி இருபத்தாறு..."

"இருங்க இருங்க" என்று செல்லக்கிளி முன்னால் வந்தாள். "வளர ஆரம்பிச்சிருக்கும்னா? பதினொண்ணு முப்பத்தஞ்சுக்குள்ள இருந்தாத்தான் இந்தப் பயிரு சூல் பிடிக்கும். அதை எப்ப தாண்டும்?"

"தை இருபத்தாறு."

செல்லக்கிளி விரல்விட்டு எண்ணினாள். எண்ணிக்கொண்டே போனவளின் முகம் செத்துப்போயிற்று. "இருபது நாள். பத்தாது. சூல் பிடிச்சுக் கதிர் வெளியே வர முப்பத்தஞ்சு நாளாவது வேணும். நடுவுல பகல் நீண்டா, வந்த சூலும் அப்படியே நின்னுரும்."

சரியான கணக்கு கையில் இருக்கிறது, அதுவே பயிரைக் கொல்லப் போகிறது. தமயந்தி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகத் தலை நிமிர்ந்து வேலுவைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே மனத்துக்குள் எண்ணி முடித்துவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவனுடைய கணக்கில் தை ஒன்றுதான் மிகக் குறுகிய பகல். அது போய் நாலே நாள்தான் ஆகிறது. அவனுடைய கணக்கில் பகல் பதினொண்ணு முப்பத்தைந்தைத் தாண்டுவது மாசி இருபதில். முழுசாக நாற்பத்துநான்கு நாள் இருக்கிறது.

வாழ்நாளில் ஒரு விநாடியைக்கூட விட்டுக்கொடுக்காதவள் கையிலிருந்த தாளை மடித்தாள். தான் எந்தப் பிழைக்காக ஒருவனைத் தூசிக்குள் தள்ளினாளோ, அதே பிழையை ஊரின் முன்னால் நின்று அவளே கேட்கவேண்டும். கேட்டாள்.

"நான் கொண்டுவந்த கணக்கு சரியானது. ஆனா அது பூமியோட கணக்கு. இந்த ஊருக்குப் பதினோரு வருஷமா வேற கணக்கு ஓடியிருக்கு. அதுலதான் நெல்லு விளைஞ்சுது, அதுலதான் நாம தூங்கினோம், அதுலதான் பொங்கல் வெச்சோம். அது தப்பான கணக்கு, நான் மறைக்கல. சூரியன் தை ஒண்ணுல திரும்பறதில்ல. ஆனா அதுவும் வருஷா வருஷம் மாறாத கணக்குதான், மருதையன் அண்ணே கேட்ட மாதிரி. அதையே வைக்கச் சொல்லிக் கேக்கறேன். நீங்க சம்மதிச்சா."

மருதையன் தலையைச் சொறிந்தார். "எங்க ஊர்லயும் தை ஒண்ணுதான் தாயி" என்றார். யாரோ சிரித்தார்கள். பல மாதத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் கேட்ட சிரிப்பு அது.

மன்றம் தமயந்தியையும் சும்மா விடவில்லை. தலைமைப் பொறுப்பு போயிற்று. ஒரு வருஷம் வடிகட்டி கழுவும் வேலை. வேலுவுக்கும் மிச்ச வருஷத் தண்டனை அப்படியே நின்றது. சொல்லாமல் செய்ததற்கு அது என்றார்கள். அவனும் மறுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தொட்டியின் இரு பக்கமும் உட்கார்ந்து சல்லடை தேய்த்தார்கள். சாயங்காலமானால் சோற்றுக்கூடத்தில் மருதையன் தன் கரகரத்த குரலில் நாளையப் பகலின் நீளத்தைச் சத்தமாகச் சொல்வது அங்கேவரை கேட்கும். முதல் வாரத்துக்குள் அவர் சுரங்கப் பாதையில் சுற்றுவது ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்தது.

மாசி பன்னிரண்டாம் தேதி செல்லக்கிளி ஓடிவந்தாள். சேற்றுக்காலோடு வடிகட்டிப் பிரிவுக்குள் நுழையக்கூடாது என்ற விதியை அவள் மதிக்கவில்லை. கையை நீட்டினாள். உறையிலிருந்து பாதி வெளியே வந்த பச்சைக் கதிர் ஒன்று.

"வயல் பூரா வந்துருச்சு" என்றாள். மூச்சு வாங்கியது. "தம்பி, வயல் பூராடா!" வேலு ஈரக்கையோடு அக்காளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். தமயந்தி கதிரை வாங்கிப் பார்த்தாள். அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

அன்று வேலை முடிந்ததும் அவள் விளக்கறைக்குப் போனாள். பள்ளத்துக்காரன் ஒருவன் காவலுக்கு இருந்தான். உள்ளே வர அவளுக்கு இப்போது அவனிடம் அனுமதி கேட்கவேண்டும், கேட்டாள். பழைய அறிக்கையை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினாள். 'எனவே இது காரணமற்ற பிழை' என்ற வரியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து 'காரணமற்ற' என்ற சொல்லை மட்டும் அடித்தாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினாள். 'பிழை' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டாள்.

அறிக்கையை மூடி வைத்துவிட்டு, காவலுக்கு இருந்தவன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கு இறங்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அதுவரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.